ரசமட்டத்தார் வித்தியாசம் தேடிய படலம்

வாழ்க ரசமட்டத்தார்! கோணல் கண்ட இடத்துக் குமுறும் நெஞ்சினரும், சாய்வு கண்ட இடத்துச் சகியாத கண்ணினரும், இழைத்த மரத்தூள் மீசையில் இலங்க, அறுத்த கண்ணாடியின் விளிம்பு விரல்தோறும் விழுப்புண் பொறிக்க, படச்சட்டக் கடை ஒன்றனைத் தனியொருவராய் ஆளும் பேரரசரும், அப்பேரரசின் ஒரே குடிமகனுமாகிய அவர் வாழ்க! அவர் அடித்த ஆணி அசையாதிருக்க! அவர் மாட்டிய படம் சாயாதிருக்க! கொத்தனார் கையில் குமிழி ஓடும் கருவியின் பெயரையே தெருவார் அவருக்குப் பட்டமாகச் சூட்டி, பெற்றோர் இட்ட பெயரை அவரே மறக்கும் அளவுக்கு அதனை வழங்கினர் என்றால், அக்கண்களின் ஆற்றலை வேறெவ்வாறு விளக்குவது? மூக்குக்கண்ணாடி மூக்கின்மேல் இருக்குமளவும் மயிரிழைச் சாய்வும் அவரிடமிருந்து தப்பியதில்லை. அது கீழே இறங்கினாலோ, எதிரே நிற்பது மனைவியா கதவா என்பதும் அவருக்கு ஐயத்துக்குரியதே.

இத்தகைய பெருமகனாரின் ஒரே மகளைப் பெண்கேட்டு ஒரு நல்ல குடும்பத்தார் வந்தனர். மாப்பிள்ளை நல்லவன். மகளுக்கும் பிடித்துவிட்டது. வந்தவர்களுக்கு மறுமரியாதை செய்வதாக, நம் வேந்தர் மனைவியுடன் மாப்பிள்ளை வீட்டுக்கு எழுந்தருளினார். அங்கன்றோ ஊழ் காத்திருந்தது! அவ்வீட்டுக் கூடத்துச் சுவர்களில் தொங்கிய படங்கள், புயலிற் சிக்கிய கலங்கள்போல் ஒன்று இடப்புறமும் ஒன்று வலப்புறமும் சாய்ந்து கிடந்தன. தேநீர் வரும்வரை பொறுத்தார். தேநீர் ஆறும்வரை பொறுத்தார். உலகில் பொறுமைக்கும் எல்லை உண்டு என்பதை மெய்ப்பிப்பார்போல் திடீரென எழுந்து, சம்பந்தியம்மாள் அமர்வதற்கென்று இழுத்துப் போட்ட நாற்காலியின்மேல் தாமே ஏறி, படங்கள் அனைத்தையும் நேர்செய்து, நாட்காட்டியை நேர்செய்து, போகிற போக்கில் முகம்பார்க்கும் கண்ணாடியையும் நேர்செய்து, போர்முடித்த களிற்றைப்போல் பெருமூச்செறிந்து இறங்கினார்.

விடைபெறும் நேரத்தில், வாசற்படியருகே, மாப்பிள்ளையின் தாயாராகிய அச்சம்பந்தியம்மாள் நம் வேந்தரின் மனைவியாரிடம் ஒரு சொல் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் கொஞ்சம் வித்தியாசமானவரா இருக்காரே!"

போற்றினாரா? தூற்றினாரா? ஒரு சொல்லை வாசற்படியில் எறிந்துவிட்டு, அது பூவா கல்லா என்று சொல்லாமல் கதவைச் சாத்திக்கொள்வது எவ்வகை நாகரிகம்? நா இருக்கிறது என்பதற்காகவும் சொல் கிடைத்தது என்பதற்காகவும் பேசுவோர் பெருகிவிட்ட காலம் இது. பொருளறிந்து பேசுவோரைத் தேடித்தான் பிடிக்கவேண்டியிருக்கிறது. அவ்வம்மையார் எறிந்த சொல்லை மனைவியார் கள்ளமின்றி வீட்டுக்குச் சுமந்துவந்து, தேதி குறிப்பதற்குச் சம்பந்தி வீட்டார் வரவிருந்த நாளின் காலையில், காய் நறுக்கிக்கொண்டே கணவர்முன் இறக்கிவைத்தார்.

ரசமட்டத்தாரின் மார்பில் அது தைத்தது.

"வித்தியாசம்னா? நல்ல வித்தியாசமா, கெட்ட வித்தியாசமா?"

"வித்தியாசம்னா வித்தியாசம்தான். அதுல என்னங்க ரகம்? இது என்ன துணிக்கடையா?" என்றார் மனைவியார்.

"சொன்னப்ப முகம் எப்படி இருந்துச்சு?"

"முகம் முகத்து எடத்துலதான் இருந்துச்சு."

மகள் கைபேசியும் கையுமாக ஓடிவந்தாள். "அப்பா, பாத்துட்டேன். வித்தியாசம்னா வேறுபாடுன்னு போட்டிருக்கு. அவ்வளவுதான். விடுங்கப்பா."

"வேறுபாடுன்னு எனக்கும் தெரியும்மா. அந்த வார்த்தை எங்க பொறந்துச்சு, பொறந்தப்ப அதுக்கு என்ன அர்த்தம்னு போட்டிருக்கா? பூர்விகம் தெரியாம ஒண்ண நம்பலாமா?"

"மாப்பிள்ளைக்கே பூர்விகம் விசாரிக்கலையேப்பா நீங்க! வார்த்தைக்கா விசாரிக்கப் போறீங்க?"

அப்போதுதான், அரிவாள்மணையும் காய்கறிக் குவியலும் சான்றாக, நம் வேந்தர் சூளுரைத்தார். "கேட்டுக்குங்க! அந்த வார்த்தைக்கு வேர் என்னன்னு தெரியாம இன்னிக்கு சாயந்தரம் நான் கூடத்துல வந்து உக்கார மாட்டேன். அது மட்டமான வார்த்தைன்னு தெரிஞ்சுதோ, தேதியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!"

மகள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அச்சிரிப்புப் பாதியில் நின்றது. "அப்பா, இதுல மட்டும் விளையாடாதீங்கப்பா," என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அக்குரல் தந்தையின் நெஞ்சை அறுத்தது. ஆயினும் சூளுரைத்த வீரர் செருப்பை மாட்டிவிட்டார். செருப்பை மாட்டிய வீரர் திரும்பியதாக வரலாறு இல்லை.

கேளீர், இனி அவர் புகுந்த களத்தின் சிறப்பை! இரண்டு தெரு தள்ளி நின்றது பொதுநூலகம். அதன் வாசலில், ‘அமைதிக் காக்கவும்’ என்று, மிகக்கூடாத இடத்தில் வலி மிகுந்து, கற்றோர் வயிற்றில் நெருப்பைக் கொட்டும் ஓர் அறிவிப்புப் பலகை. உள்ளே நீண்டதொரு மேசை, அதன் இருமருங்கும் அணிவகுத்த நாற்காலிகள், அவற்றின் நடுவே வீற்றிருக்கும் சிங்கம்போல் ஒரு பேரகராதி. சொல்லின் பொருளோடு அதன் பிறப்பையும் கூறும் அத்தகைய நூல் அங்கே ஒன்றே ஒன்று. அதனை வீட்டுக்குக் கொண்டுபோக எவருக்கும் உரிமை இல்லை. அங்கேயே அமர்ந்து, அங்கேயே புரட்டி, அங்கேயே வைத்துவிட்டுப் போகவேண்டும்.

அக்களத்துக்குத் தனித்ததொரு போரறமும் இருந்தது. படிக்கும் நூலைப் பாதியில் வைத்து எழுந்து செல்வோர், அதன்மேல் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சென்றால், திரும்பும்வரை அந்நூலும் அவ்விருக்கையும் அவருக்கே உரியன. கைக்குட்டை செல்லாது, பை செல்லாது, குடை செல்லவே செல்லாது. கைக்குட்டையைப் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்வந்தோரை முன்னாளில் கண்டு மனம் கசந்த நூலகத்தலைவி, ‘கண்ணாடியை விட்டுட்டுப் போறவங்க தூரமாப் போகமாட்டாங்க’ என்னும் நுண்ணறிவினால் இவ்வறத்தை நிலைநாட்டியிருந்தார். அன்றுமுதல் அந்நூலகத்தில் பார்வை மங்கியோர் சுவரைத் தடவித் தடவி நடப்பது அன்றாடக் காட்சியாயிற்று.

அந்தோ! வேந்தர் புகுந்த வேளையில் பேரகராதி பகைவர் வசம் இருந்தது. யார் அப்பகைவர்? நாள்தோறும் செய்தித்தாளின் குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்பாமல் நீரும் அருந்தாதவர். ‘கட்டம்’ என்றே அனைவராலும் அழைக்கப்பெறுபவர். வேலை, தண்ணீர்க்கட்டண அலுவலகத்தில். விடுமுறை நாள்களில் வாழ்வு, அந்த நாற்காலியில். காதில் செருகிய எழுதுகோல் கொம்புபோல் நிமிர, முழங்கைகள் இரண்டும் கோட்டைமதில்போல் அகராதியை வளைக்க, கட்டத்தார் அமர்ந்திருந்த கோலத்தைக் கண்டு, பெருவேந்தரும் ஒருகணம் தம் மீசையைத் தடவிக்கொண்டார்.

முதற்போர் சொற்போர். வேந்தர் குனிந்து, காதருகே, "கொஞ்சம் அந்த அகராதி..." என்று தொடங்கினார். கட்டத்தார் தலை நிமிரவில்லை. ஒரு விரல் மட்டும் உயர்ந்தது.

"ஒரு நிமிஷம்."

கடவுளர் கணக்கில் ஒரு நிமிடம் எத்தனை ஊழி என்பதை அறியாதார் அந்நூலகத்துக்கு வரக்கடவர். நாற்காலிகள் காலியாயின, மீண்டும் நிரம்பின. கூரையில் விசிறி சுழன்று சுழன்று சலித்தது. எதிர்வரிசையில், கட்டத்தாருக்கு நேர் எதிரே ஓரிருக்கையைக் கைப்பற்றி, பொய்க்கோலமாகத் தோட்டக்கலை மாத இதழ் ஒன்றனை விரித்துவைத்துக்கொண்டு, வேந்தர் முற்றுகையிட்டார். தலைகீழாகத் தெரிந்த அகராதிப் பக்கங்களைத் தலைகீழாகவே படிக்க முயன்றார். தெரிந்ததெல்லாம் பகர வரிசை. ‘வி’ எங்கே, ‘ப’ எங்கே! வகரக் கரை சேர இடையில் எத்தனை கடல்!

"எதிர்ல நின்னு ஒரு மாதிரி முறைக்காதீங்க சார், எனக்கு வார்த்தை வரமாட்டேங்குது," என்றார் கட்டத்தார்.

"நான் நிக்கல சார், உக்காந்திருக்கேன். வார்த்தை வராததுக்கு நான் என்ன பண்ண?"

"சத்தம்!" என்றார் நூலகத்தலைவி.

அப்போது கட்டத்தாரைத் தாகம் வென்றது. அவர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றி, முத்திரை மோதிரத்தை ஓலைமேல் பதிக்கும் அமைச்சர்போல் அகராதியின்மேல் வைத்தார். சுவரைத் தடவியவாறு குடிநீர்த் தொட்டியை நோக்கி நடந்தார். பகைவன் அற்ற கோட்டை! திறந்த வாயில்! வேந்தரின் வலக்கை மேசைமேல் மெல்ல ஊர்ந்தது. மகளின் பாதியில் நின்ற சிரிப்பு அக்கையைப் பிடித்துத் தள்ளியது. வாழ்நாளெல்லாம் நேரே நின்ற நெஞ்சம் அதனைப் பிடித்து இழுத்தது. விரல்நுனி அகராதியின் ஓரத்தைத் தொடும் தொலைவு.

"சார், கண்ணாடி இருக்கு," என்றது தலைவியின் குரல்.

"தெரியும்மா. தூசி தட்டினேன்."

வெட்கித் தலைகுனிந்து நிமிர்ந்த வேந்தரின் விழிகளில், கட்டத்தாரின் நாற்காலிக்குப் பின்னிருந்த சுவரில், நூலகத்துக்கு இடம் ஈந்த வள்ளலின் திருவுருவப்படம் தென்பட்டது. அது சாய்ந்திருந்தது. வள்ளல் ஏதோ கீழே விழுந்ததைக் குனிந்து தேடுவார்போல் இடப்புறமாகச் சாய்ந்திருந்தார். ஐயகோ! களத்தை விட்டு எழலாமா? எழாமல் இருக்கலாமா? ‘இப்பொழுதா இது?’ என்று அறிவு கேட்டது. ‘இப்பொழுது இல்லையேல் எப்பொழுது?’ என்று கை கேட்டது. கையே வென்றது. ஆனால் இருக்கை தேடி உலவுவோர் இருவர் அருகே வட்டமிட்டுக்கொண்டிருந்தனர். ஆதலால் போரறத்தின்படியே தம் கண்ணாடியைக் கழற்றித் தோட்டக்கலை இதழின்மேல் வைத்துவிட்டு, மேசையைச் சுற்றிக்கொண்டு, உலகமெல்லாம் புகைமண்டலமாக, அப்பேராண்மையாளர் சுவரை அடைந்தார். கண்ணில்லாவிடில் என்ன, கையிருக்கிறதே! விரல்களாலேயே சட்டத்தின் விளிம்பை அளந்து, தச்சர் கணக்கில் ஒரு நூல் ஏற்றி, அரை நூல் இறக்கி, வள்ளலை நிமிர்த்தினார்.

இதற்கிடையில் நிகழ்ந்ததைக் காண்பீராக. தண்ணீர் அருந்திய கட்டத்தார் வந்த வழியே திரும்ப முற்பட்டார். வந்த வழியில் துப்புரவுப் பணியாளர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஈரமா இருக்கு, அந்தப் பக்கமாச் சுத்திப் போங்க!" என்று ஒரு குரல் எழுந்தது. கட்டத்தார் சுற்றினார். நாற்காலிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார். எண்ணிக்கையில் பிழையில்லை, பக்கத்தில்தான் பிழை. விரித்த நூல் ஒன்றும் அதன்மேல் கண்ணாடி ஒன்றும் மங்கலாக மின்னவே, தம் கோட்டை என்று எண்ணி அமர்ந்து, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சுவரிலிருந்து திரும்பிய ரசமட்டத்தாரும் மேசை மின்னிய திசையில் நடந்தார். வெறும் நாற்காலி, விரித்த நூல், அதன்மேல் கண்ணாடி. அமர்ந்தார். மாட்டிக்கொண்டார். உலகம் ஒரு சாண் நகர்ந்து நின்றதுபோல் தோன்றியது. ‘படம் நிமிர்ந்த மயக்கம்’ என்று தம்மைத் தேற்றிக்கொண்டு குனிந்தார்.

ரோசாச்செடி எங்கே? பூச்சிக்கொல்லி எங்கே? கண்ணெதிரே விரிந்து கிடந்தது பகர வரிசை!

அமுதம் தானே வாயில் வந்து விழும்போது, ‘எவ்வழி வந்தாய்?’ என்று கேட்பார் உளரோ? வேந்தரும் கேட்கவில்லை. பக்கங்கள் பறந்தன. மகரம் கடந்தார், யகரம் தாண்டினார், வகரக் கரையில் இறங்கினார். ‘வித்தியாசம்’. எழுத்துகள் நீரில் மிதப்பனபோல் ஆடின. நூலைச் சற்றே தள்ளிப் பிடித்தார். ஆட்டம் நின்றது. ‘வியத்தியாசம் என்னும் வடசொல்லின் திரிபு,’ என்றிருந்தது அங்கே. ‘மாறி நிற்றல். ஒன்று நிற்கும் இடத்தில் மற்றொன்றும், அது நிற்கும் இடத்தில் இதுவுமாக அமைதல். அதனின்று, வேறுபாடு.’

இகழ்ச்சி இல்லை! புகழ்ச்சியும் இல்லை! ‘மாறி நிற்றலா? நான் எங்கே மாறி நின்றேன்?’ என்று வேந்தர் மலைத்துக்கொண்டிருக்கையில், எதிர்வரிசையிலிருந்து இடிமுழக்கம் எழுந்தது.

"என்னங்க இது அநியாயம்! பகர வரிசைன்னு பாத்தா, ரோசாச்செடிக்கு வேப்பெண்ணெய் தெளிக்கச் சொல்லுது! எனக்குக் கண்ணு போச்சா, அகராதிக்குப் புத்தி போச்சா?"

ரசமட்டத்தார் நிமிர்ந்தார். எதிரே தம் நாற்காலியில், தம் கண்ணாடி அணிந்து, தம் தோட்டக்கலை இதழைக் கையில் ஏந்திக் கட்டத்தார் அமர்ந்திருந்தார். கட்டத்தார் நோக்கினார். எதிரே அவர்தம் நாற்காலியில், அவர்தம் கண்ணாடி அணிந்து, அவர்தம் அகராதியின்மேல் முழங்கை ஊன்றி ரசமட்டத்தார் வீற்றிருந்தார். இருபெரும் படைகள் ஒன்றன் பாசறையில் மற்றொன்று விழித்தெழுந்தாற்போன்ற அக்காட்சியைக் கண்டு, செய்தித்தாள்கள் தாழ்ந்தன, துடைப்பம் நின்றது.

"யோவ், என் கண்ணாடி!" என்றார் கட்டத்தார்.

"அப்ப உங்க மூக்குல இருக்கறது யாருது?"

"என் எடத்துல வந்து உக்காந்துட்டு, என்னையே கேள்வி கேக்கறீங்களா?"

"நீங்க மட்டும் யார் எடத்துல இருக்கீங்க?"

நூலகத்தலைவி தம் அரியணையிலிருந்து இறங்கி வந்தார். அவர் வகுத்த அறத்துக்கு இத்தகைய சோதனை அதுவரை நேர்ந்ததில்லை. "அவர் கண்ணாடி இவர்கிட்ட, இவர் கண்ணாடி அவர்கிட்ட. இப்ப அகராதி யாருக்குன்னு நான் எப்படித் தீர்ப்புச் சொல்றது?" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஏன் சார், ரெண்டு பேர்ல யாரு மாறி உக்காந்தது? அத மட்டும் சொல்லுங்க."

"அவருதான்!" என்றார் கட்டத்தார்.

ரசமட்டத்தார் வாயைத் திறந்தார். ‘அவருதான்’ என்னும் சொல் நாநுனிவரை வந்தது. அங்கேயே நின்றது. கட்டத்தாரைப் பார்த்தார், குனிந்து அகராதியைப் பார்த்தார், தம்மையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். மேகம் கிழித்துக் கதிரவன் தோன்றினாற்போல் அவர் முகம் மலர்ந்தது.

"ரெண்டு பேருந்தாம்மா!" என்று முழங்கினார். "ஒருத்தர் மட்டும் தனியா எப்படிம்மா மாறி உக்கார முடியும்? அவர் இங்கே இல்லாததாலதானே நான் இங்கே! நான் அங்கே இல்லாததாலதானே அவர் அங்கே! வித்தியாசம்கறது ஒருத்தர் சொத்து இல்லம்மா, அது ரெண்டு பேருக்கும் கூட்டுச் சொத்து! எங்க சம்பந்தியம்மாவுக்கு நான் எவ்வளவு வித்தியாசமோ, எனக்கு அவங்களும் அவ்வளவே! ஒரு இஞ்சு கூடுதலும் இல்ல, ஒரு இஞ்சு கொறச்சலும் இல்ல!"

"யாருங்க சம்பந்தியம்மா?" என்றார் கட்டத்தார் திகைத்து.

"சத்தம்!" என்றார் தலைவி, தாமே அனைவரினும் உரக்க.

கண்ணாடிகள் கைமாறின. இரு வேந்தரும் தத்தம் நாடு மீண்டனர். "இந்த ஒரு வார்த்தைக்கா சார் இவ்வளவு நேரம் என்னை முறைச்சீங்க?" என்று கேட்ட கட்டத்தார், விடைக்குக் காத்திராமல் மீண்டும் பகர வரிசைக்குள் மூழ்கிப்போனார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ரசமட்டத்தார் உலகைப் புதுக்கண்ணோடு நோக்கினார். அவருக்கு எதிரே வந்தோர் அனைவரும் வித்தியாசமானவர்களாக இருந்தனர். அவர்கள் அனைவருக்கும் தாமும் அவ்வாறே இருப்பதை எண்ணி எண்ணி உவந்தார். வீட்டு வாசலில் மகள் காத்திருந்தாள். "கண்டுபிடிச்சீங்களாப்பா?" என்று கேட்டாள். அவள் கைவிரல்கள் துப்பட்டாவின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன.

"கண்டுபிடிச்சேன். கூடத்துல நாற்காலிய எடுத்துப் போடும்மா."

"எத்தனை?"

"எனக்கும் சேத்துப் போடு."

மாலையில் சம்பந்தி வீட்டார் வந்தனர். வேந்தர் கூடத்தில் வீற்றிருந்தார். மனைவியார் தேநீர்த் தட்டுடன் அடுக்களை வாயிலில் தோன்றினார். சம்பந்தியம்மாள் அமரும்முன் நான்கு சுவர்களையும் ஒருமுறை நோட்டமிட்டார். படமே இல்லாத வெறுஞ்சட்டங்கள் மட்டும் வரிசை வரிசையாக அணிவகுத்துத் தொங்கும் கூடம் அது. அவ்வம்மையார் வாய் திறந்தார். அதே வில், அதே நாண், அதே கணை!

"உங்க வீடு கொஞ்சம் வித்தியாசமா இருக்குங்களே!"

தேநீர்த் தட்டு அந்தரத்தில் நின்றது. மாப்பிள்ளை தரையை நோக்கினான். மகள் துப்பட்டாவின் நுனியை மீண்டும் முறுக்கினாள். வந்த கணை வேந்தரின் மார்பை அடைந்தது, தைக்கவில்லை, பூவைப்போல் மடியில் விழுந்தது.

"ஆமாங்க. எங்க வீட்லேருந்து பாத்தா உங்க வீடும் அப்படித்தாங்க இருக்கு," என்றார் ரசமட்டத்தார், மலர்ந்த முகத்தோடு.

அம்மையார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அத ஏன் கேக்கறீங்கண்ணே! இதோ உக்காந்திருக்காரே எங்க வீட்டுக்காரர், மழை கொட்டறப்ப குடைய புடிச்சுக்கிட்டுச் செடிக்குத் தண்ணி ஊத்தற மனுஷன். இருபது வருஷமாச் சொல்றேன், கேக்கமாட்டாரு."

"மழைத்தண்ணி வேர் வரைக்கும் போறதில்லம்மா! மேலாக்கத்தான் நனைக்குது!" என்று சீறி எழுந்தார் சம்பந்தியார்.

"அதுவும் சரிதானுங்களே!" என்று, தம் எதிரே ஒரு பேரரசரைக் கண்ட பேரரசராய், நம் வேந்தர் இருகையும் நீட்டி அவரைத் தழுவிக்கொள்ள, மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓட, மனைவியாரின் தட்டு மேசையைச் சேர, விண்ணவர் பூமாரி பொழியவும் முரசம் ஏழுலகும் அதிரவும் வேண்டிய அந்நல்வேளையில், தேதி குறித்து முடித்து எல்லோரும் சாப்பிட்டார்கள்.

உப்புக் கொஞ்சம் குறைவு.